கடைக் கணினியில் விண்டோஸ் 11 போடலாமா?

திருவல்லிக்கேணியில் பாரதி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் டிடிபி கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புக், சேப்பாக்கத்திலிருந்து வரும் பல்கலைக்கழகப் பிள்ளைகளின் ஆய்வேடு, இவைதான் எங்கள் வேலை. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியதிலிருந்து அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, மாத்தியே ஆகணுமா?"

கடைக்கு மொத்தமாக ஒரு முடிவு எடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். எந்தக் கணினி என்ன வேலை செய்கிறது என்று பார்த்து, அதற்கு மட்டும் முடிவு எடுங்கள். என் கடையில் பேங்க், ஜிஎஸ்டி, வாட்ஸ்அப்பில் வரும் ஃபைல் எல்லாம் பார்க்கும் கணினி 11-க்கு மாறிவிட்டது. பத்திரிகைப் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் ஓடும் கணினி 10-லேயே இருக்கிறது, ஆனால் நெட் இணைப்பு கிடையாது. தட்டச்சுக்கு வைத்திருக்கும் பழைய கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ்.

ஆதரவு நின்றுவிட்டது என்றால் கணினி நின்றுவிடும் என்று பொருளல்ல. நாளைக் காலையும் அது வழக்கம்போல ஆன் ஆகும். நின்றது பாதுகாப்புப் புதுப்பிப்புகள். இனி விண்டோஸ் 10-இல் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாது. விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டருக்கு வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாப்ட் சொல்லியிருக்கிறது. அதை நம்பிச் சும்மா இருந்துவிட முடியாது. வைரஸை அடையாளம் காண்பது வேறு, அது நுழையும் ஓட்டையை அடைப்பது வேறு.

வீட்டுக் கணினி என்றால் அவசரமில்லை. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருந்தால், 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் புதுப்பிப்புகள் கிடைக்கும். மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் இலவசம், இல்லையென்றால் 30 டாலர். நிறுவனங்களுக்கு வேறு திட்டம்: கணினி ஒன்றுக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டுகளில் இரட்டிப்பு, மூன்று ஆண்டுகள்தான். நம்மைப் போன்ற சின்னக் கடைக்கு அது கட்டுப்படியாகாது. அந்தப் பணம் எஸ்எஸ்டிக்கும் (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) ரேமுக்கும் போகட்டும்.

அடுத்து, உங்கள் கணினியில் 11 ஏறுமா என்று பாருங்கள். மைக்ரோசாப்டின் பிசி ஹெல்த் செக் செயலியே சொல்லிவிடும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்து ஏறும். ஐ5-8400 என்பதில் கோட்டுக்கு அடுத்து வரும் 8-தான் தலைமுறை. 7400 என்றால் ஏறாது. ரிச்சி தெருவில் பழைய கணினி வாங்கப் போகிறவர்கள் இதை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். மேலே ஐ5 ஸ்டிக்கர் இருந்தால் போதாது, "எந்த ஜெனரேஷன் தம்பி?" என்று கேட்டு, ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள். 4 ஜிபி ரேம் போதும் என்பது மைக்ரோசாப்டின் கணக்கு. கடை வேலைக்கு 8 இல்லாமல் ஆகாது. ஹார்ட் டிஸ்க்கில் 11 போடவே வேண்டாம், எஸ்எஸ்டி கட்டாயம்.

தகுதியான கணினியிலேயே, 11-க்குக் கட்டாயமான டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று காட்டலாம். அசெம்பிள் செய்த கணினிகளில் பயாஸில் (விண்டோஸ் திறக்கும் முன் வரும் செட்டிங்ஸில்) அது அணைந்திருப்பது சகஜம். இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் இருக்கும், அதை ஆன் செய்தால் சரியாகிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகப் புது மதர்போர்டு வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள். தகுதியில்லாத கணினியிலும் சோதனையைத் தாண்டி 11 போட்டுத் தருகிறோம் என்பார்கள். அப்படிப் போட்டதற்குப் புதுப்பிப்புகள் வரும் என்ற உறுதியை மைக்ரோசாப்ட் தரவில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது மிகப் பழைய சில பிராசஸர்களில் விண்டோஸ் திறக்கவே இல்லை. நாலு பேருடைய முகூர்த்த வேலை இருக்கும் கணினியில் அந்தப் பரீட்சை வேண்டாம்.

இனி, நம் தொழிலுக்கு முக்கியமான விஷயம்: எழுத்துருவும் பிரிண்டரும். எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறை வந்து எவ்வளவோ காலம் ஆகியும், கல்யாணப் பத்திரிகை இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் ஓடுகிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் வகைகள், அதற்கும் முந்தைய தனியார் எழுத்துருக்கள் என்று ஒவ்வொரு கடையிலும் ஒரு குவியல் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஃபைலைத் திறந்தால் மாப்பிள்ளை பெயர்கூட ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். அதனால் முதல் வேலை, எழுத்துருக்களைப் பிரதி எடுப்பது. விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டர் எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: விண்டோஸ் 10-இல் சில எழுத்துருக்கள் அந்தந்தப் பயனருக்கு மட்டும் பதிவாகியிருக்கும். அவை ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற வரிசையில் உள்ளே ஒளிந்திருக்கும். இரண்டிலிருந்தும் எடுங்கள்.

பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல். அதற்குப் பிறகு புதிய பதிப்பு வரவில்லை, அடோபி இன்டிசைனுக்குப் போய்விட்டது. விண்டோஸ் 11 முழுக்க 64-பிட். அதற்கு முந்தைய தலைமுறையான 32-பிட் மென்பொருளை அது ஓட்டும், அதற்கும் பழைய 16-பிட் மென்பொருளைத் தொடவே தொடாது. பழைய தமிழ் விசைப்பலகை மென்பொருள், பழைய இன்ஸ்டாலர் ஏதாவது 16-பிட்டாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். உங்கள் விண்டோஸ் 10 32-பிட்டாக இருந்தால் அதன் மேலேயே 11 ஏற்றவும் முடியாது, அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போடவேண்டும். 11 உள்ள ஒரு கணினியை நண்பரிடம் ஒரு மாலை கேட்டு வாங்கிச் சோதித்துப் பாருங்கள். போன ஆவணியில் அடித்த நாலு பக்கப் பத்திரிகை ஒன்றைத் திறந்து பிரிண்ட் எடுத்து, கையில் இருக்கும் பழைய பிரதியோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். கொம்பும் காலும் இடம் மாறாமல், வரிகள் அதே இடத்தில் உடைந்தால் சரி.

சரியாக வராவிட்டால் அந்தக் கணினியை மாற்றாதீர்கள். நெட் கேபிளைக் கழற்றிவிட்டு அப்படியே ஓட்டுங்கள். ஆனால் நம் கடைகளுக்கு வைரஸ் நெட்டில் வருவதைவிட வாடிக்கையாளரின் பென் டிரைவில் வருவதுதான் அதிகம். ஆகவே வெளியார் பென் டிரைவ் அதில் ஏறக்கூடாது. 11 உள்ள கணினியில் சொருகி, ஸ்கேன் செய்து, கடைக்கென்று வைத்திருக்கும் ஒரே பென் டிரைவில் ஃபைலைக் கொண்டுபோங்கள். வேலை செய்யும் பையன்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லிப் பழக்கவேண்டும்.

பிரிண்டருக்கு, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் விண்டோஸ் 11 64-பிட் டிரைவர் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ், ஜிஎஸ்டிக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இரண்டையும் மறக்காதீர்கள்.

உண்மையான உரிமம் உள்ள விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறக் கட்டணம் இல்லை. மாற்றுவதற்கு முன் டி டிரைவ் உட்பட எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, அதை வீட்டில் வையுங்கள். சர்வீஸ் செய்யும் தம்பியிடம் கொடுத்தால், உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில்தான் நுழையவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். 24எச்2 முதல், புதிதாகப் போடும்போது டிஸ்க் தானாகவே பூட்டப்படலாம். அதன் சாவி எந்த அக்கவுண்ட்டில் நுழைந்தார்களோ அங்கே போய்விடும். பின்னால் ஒரு நாள் கணினி அந்த 48 இலக்கச் சாவியைக் கேட்கும்போது, தம்பி வேறு ஊருக்குப் போயிருந்தால் ஃபைல் அத்தனையும் போச்சு. சாவியைத் தாளில் எழுதி பில் புக்கோடு வையுங்கள்.

பழைய விண்டோஸின் மேலேயே 11 ஏற்றினால், பத்து நாளுக்குள் செட்டிங்ஸில் ரெகவரி பக்கத்துக்குப் போய்ப் பழையதற்குத் திரும்பலாம். அந்தப் பத்து நாளில் டிஸ்க் கிளீனப் ஓட்டாதீர்கள், திரும்பும் வழி அழிந்துவிடும். கடையில் நடக்கும் எல்லா வகை வேலையையும் அதற்குள் ஒருமுறை செய்து பாருங்கள்.

எப்போது செய்வது? ஆடியில் முகூர்த்தம் இல்லை, அதனால் ஓய்வு என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பார்கள். ஆவணிக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிப்பது ஆடியில்தானே. பதினெட்டாம் பெருக்கு தாண்டினால் கடையில் உட்கார நேரமிருக்காது. ஆகவே ஆடி முதல் வாரம்தான் சரி. அக்டோபர் வரைக்கும் தள்ளினால் தீபாவளி நோட்டீஸ் வேலையும், ஐப்பசி மழையில் கரண்ட் போவதும் சேர்ந்துகொள்ளும். எந்த மாதமானாலும் யூபிஎஸ் பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

11 ஏறாத கணினியைக் காயலான் கடைக்குப் போடவேண்டாம். எஸ்எஸ்டி ஒன்று போட்டு லினக்ஸ் மின்ட் ஏற்றினால் ஆய்வேடு தட்டச்சுக்கு லிப்ரே ஆபீஸ் அருமையாக ஓடும், தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. அரசு கொடுத்த பள்ளி லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் பார்த்த பிள்ளைகளுக்கு இது புதிதே அல்ல. அதை உருவாக்கியது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக், அதிலும் நம் சென்னை மையம்தான்.

மூன்று கணினிகளையும் ஒரே நாளில் தொடாதீர்கள். நெட்டும் பேங்க்கும் இருக்கும் கணினிதான் முதலில். அதன் பத்து நாள் கழிந்து, பில்லும் பிரிண்டும் தடையில்லாமல் வந்த பிறகு அடுத்ததைத் திறந்தால் போதும்.