நிக்ஸ்ஓஎஸ்: கணினி முழுவதையும் கோப்பில் எழுதி வைப்பது

நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் மென்பொருளை ஒவ்வொன்றாக நிறுவுவதில்லை. கணினியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கோப்பில் எழுதினால், அமைப்பு அதன்படி கட்டப்படும்.

இடிசி கோப்புறைக்குள் நிக்ஸ்ஓஎஸ் என்ற கோப்புறையில் இரண்டு கோப்புகள் இருக்கும். கான்ஃபிகரேஷன்.நிக்ஸ் நீங்கள் எழுத வேண்டியது. ஹார்ட்வேர்-கான்ஃபிகரேஷன்.நிக்ஸ் தானாக உருவானது, அந்தக் கணினிக்கு மட்டுமே பொருந்தும். வேறு கணினிக்குப் போகும்போது முதல் கோப்பை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

என்விரான்மென்ட்.சிஸ்டம்பேக்கேஜஸ் வரியின் சதுர அடைப்புக்குள் ஃபயர்ஃபாக்ஸ், விஎல்சி, கிட் என்று வேண்டியதைச் சேருங்கள். பெயர்களுக்கு இடையே காற்புள்ளி கிடையாது, இடைவெளி மட்டும்தான். ஆனால் கோப்பில் எழுதும் ஒவ்வோர் அமைப்பின் (செட்டிங்) முடிவிலும் அரைப்புள்ளி கட்டாயம். அது விடுபட்டால் பிழைச்செய்தி பெரும்பாலும் அடுத்த வரியைக் காட்டும். அதற்கு முந்தைய வரியைத்தான் பார்க்க வேண்டும். என்விடியா டிரைவர் போன்ற மூடிய மென்பொருளுக்கு அலவ்அன்ஃப்ரீ அமைப்பை 'ட்ரூ' ஆக்காவிட்டால் கட்டுமானமே நின்றுவிடும்.

தமிழில் தட்டச்சு செய்ய இன்புட்மெத்தட் பகுதியில் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளை இயக்கி, அதன் எஞ்சின் பட்டியலில் பல மொழி விசைப்பலகைகள் கொண்ட எம்17என்னைச் சேருங்கள். தமிழ்99 விசைப்பலகை அதிலேயே வருகிறது. எழுத்துரு பட்டியலில் நோட்டோ எழுத்துரு இருக்கட்டும். வெளியேறி மீண்டும் உள்நுழைந்த பிறகு, க்னோம் டெஸ்க்டாப்பின் அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதியில் தமிழ்99ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுட்டியால் செய்யும் இந்தத் தேர்வு கோப்பில் பதிவாகாது.

கோப்பை மாற்றியதும், அதை நிரந்தரமாக அமலாக்கும் நிக்ஸ்ஓஎஸ்-ரீபில்டு ஸ்விட்ச் கட்டளையை நேராகக் கொடுக்காதீர்கள். முதலில் சுடோவுடன் (நிர்வாகி அனுமதியுடன்) நிக்ஸ்ஓஎஸ்-ரீபில்டு டெஸ்ட். மாற்றம் உடனே நடைமுறைக்கு வரும், ஆனால் கணினி தொடங்கும்போது வரும் பூட் பட்டியலில் ஏறாது. கெட்டுப்போனால் மறுதொடக்கம் செய்தால் போதும், பழைய நிலை வந்துவிடும். சரியாக இருந்தால் ஸ்விட்ச். கெர்னலையோ (இயங்குதளத்தின் மையப் பகுதி) கிராஃபிக்ஸ் டிரைவரையோ மாற்றும்போது இரண்டுக்கும் பதிலாக பூட் கொடுங்கள்: ஓடிக்கொண்டிருக்கும் திரையைத் தொடாமல் அடுத்த தொடக்கத்தில் அமலாகும். அப்போது திரை கறுத்துவிட்டால், பூட் பட்டியலில் முந்தைய ஜெனரேஷனை, அதாவது முன்பு கட்டி வைத்த அமைப்பின் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். திரும்பி வருவது அமைப்பு மட்டும்தான். ஹோம் கோப்புறையில் அழித்த கோப்பு வராது.

ஒவ்வொரு ஜெனரேஷனும் வட்டில் இடம் பிடிக்கும். சிஸ்டம்டி-பூட் என்ற தொடக்க மென்பொருள் உள்ளவர்கள் கான்ஃபிகரேஷன்லிமிட்டை 10 என்று வையுங்கள். இல்லையேல் சிறிய பூட் பகிர்வு நிறைந்து, ஒருநாள் ரீபில்டு பாதியில் நிற்கும். பழையவற்றை அழிக்கும் நிக்ஸ்-கலெக்ட்-கார்பேஜ் கட்டளையை சுடோவுடன் ஓட்டும்போது வெறும் 'டி' கொடுத்தால் பழைய ஜெனரேஷன்கள் அத்தனையும் போய்விடும். 14 நாளுக்கு மேற்பட்டவற்றை மட்டும் அழிக்கச் சொல்லுங்கள், பிறகு ஒருமுறை ரீபில்டு செய்யுங்கள். அதுவரை பூட் பட்டியல் சுருங்காது.

கடவுச்சொல்லை இந்தக் கோப்பில் எழுதவே கூடாது. கட்டப்பட்ட எல்லாம் சேமிக்கப்படும் நிக்ஸ் ஸ்டோருக்குள் போவதை அந்தக் கணினியின் எல்லாப் பயனர்களும் படிக்க முடியும்.

இணையத்தில் இறக்கிய பைனரியை (நேராக ஓடும் நிரல் கோப்பு) ஓட்டினால், கோப்பு கண்ணெதிரே இருந்தும் 'அப்படியொரு கோப்பு இல்லை' என்று அடம்பிடிக்கும். அது தேடும் லோடர் (நிரலை ஏற்றி ஓட்டுவது) வழக்கமான இடத்தில் இல்லாததே காரணம். நிக்ஸ்-எல்டியை இயக்கினால் பெரும்பாலானவை ஓடும்.

கான்ஃபிகரேஷன்.நிக்ஸில் உள்ள ஸ்டேட்வெர்ஷன் எண் பழையதாகத் தெரிகிறதே என்று மாற்றத் தோன்றும். மாற்றாதீர்கள். அது எந்தப் பதிப்பில் முதலில் நிறுவினீர்கள் என்பதன் குறிப்பு. பதிப்பு உயர்த்த சேனலை, அதாவது மென்பொருள் வரும் மூலத்தை மாற்ற வேண்டும்.