குழுக் கண்காட்சி: சுவரைப் பங்கு பிரிப்பதில் தொடங்கும் தவறுகள்

தென்னாப்பிரிக்க நகரமான டர்பனின் மக்கள் கலையகங்களில் சில மாதங்கள் தங்கிப் பணியாற்றும் கலைஞர்கள், தங்கள் காலம் முடியும்போது சேர்ந்து நடத்தும் கண்காட்சிகளுக்குப் பல ஆண்டுகளாகக் கைகொடுத்து வருகிறேன். உழைப்பில் குறைவைத்து ஒரு கண்காட்சி கெட்டதாக எனக்கு நினைவில்லை. நல்ல படைப்புகள், மாட்டிய இடத்தாலும் மாட்டிய விதத்தாலும் பார்வையாளர் கண்ணில் படாமலே போனதைத்தான் அடிக்கடி கண்டிருக்கிறேன்.

முதல் தவறு, சுவரை ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து பிரிப்பது. எட்டுக் கலைஞர்கள், 32 மீட்டர் சுவர், ஆகவே ஆளுக்கு நான்கு மீட்டர் என்று கணக்குப் போட்டுவிட்டால் சண்டை வராது என்பது உண்மைதான். அந்த விருப்பத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் வீடிழந்து, டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் குடியேற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள், யாருக்கு எவ்வளவு இடம் என்ற கேள்வியில் கூர்மையாக இருப்பது இயல்பே. ஆனால் சமத்துவம் தேர்விலும் பேச்சுரிமையிலும் இருக்க வேண்டும். மீட்டர் கணக்கில் அன்று. லினோலியத் தகட்டில் செதுக்கி மை தடவி அச்செடுக்கும் லினோகட் என்னும் அச்சோவியத்தை எடுத்துக்கொள்வோம். 1962இல் தொடங்கிய ரோர்க்ஸ் டிரிஃப்ட் கலைக்கூடத்திலும், அங்கிருந்து வந்த அசரியா ம்பாத்தா போன்றோர் கையிலும் தழைத்த இந்த வடிவம், இந்தக் குவாசூலு-நட்டால் மாகாணத்துக் கலைஞர்களுக்கு இன்றும் நெருக்கமானது. கறுப்பும் வெள்ளையுமாக, ஒரு முழத்துக்குள் பல உருவங்களை அடக்கிய அத்தகைய படம், பார்ப்பவரை அருகில் வந்து நின்று வாசிக்கச் சொல்லும். அதற்குப் பக்கத்திலேயே, நான்கு மீட்டர் பங்கின் பேரில், இரண்டு மீட்டர் உயரமுள்ள ஆரஞ்சு நிற அக்ரிலிக் கேன்வாஸை மாட்டினால், பார்வையாளர் பெரியதைக் காணப் பின்வாங்குவார். சிறியது அவர் கண்ணிலிருந்து நழுவிவிடும்.

இதைத் தவிர்க்கச் சுருக்கமான வழி ஒன்று உண்டு. மூன்று வாரங்களுக்கு முன்பே எல்லாப் படைப்புகளையும் தரையில் சுவரோரம் சாய்த்து வைத்து, கலைஞர்கள் அனைவரும் சேர்ந்து நடந்து பார்த்து, யாருடையது என்பதை விட்டுவிட்டு எது எதன் பக்கத்தில் நிற்கும் என்பதை மட்டும் பேச வேண்டும். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் 150 சென்டிமீட்டர் உயரத்தில் அமைவது வழக்கம். பள்ளிப் பிள்ளைகளும் சக்கர நாற்காலியில் வருவோரும் மிகுதியாக வரும் இடமானால், அருகில் பார்க்க வேண்டிய சிறு படங்களைச் சற்றுத் தாழ்த்துவது நல்லது.

ஒளியைப் பற்றிய தவறு, நூல்களை அப்படியே நம்புவதால் வருகிறது. வடக்குப் பார்த்த சன்னலின் ஒளியே ஓவியத்துக்கு ஏற்றது என்று ஐரோப்பியக் கையேடுகள் சொல்வது அவர்களுடைய வானத்துக்குச் சரி. டர்பன் மகரரேகைக்கும் தெற்கே இருப்பதால், நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் நமக்கு வடக்கில்தான் நிற்கும். ஆகவே இங்கே வடக்குச் சன்னல் வெயிலை நேராக உள்ளே விடும்; தெற்குச் சன்னலே ஏறத்தாழ நாள் முழுவதும் சீரான ஒளியைத் தரும். வடக்குச் சன்னலுக்கு எதிர்ச் சுவரில் நீர்வண்ண ஓவியங்களை மாட்டுவதைக் கண்டால் எனக்கு மனம் பதறும். ஒளியை அளக்கும் அலகான லக்ஸ் கணக்கில், காகிதத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸ் போதும்; எண்ணெய், அக்ரிலிக் ஓவியங்களுக்கு 200 லக்ஸ் வரை விடலாம். கைப்பேசிச் செயலி காட்டும் அளவு துல்லியமானதன்று என்றாலும், எந்தச் சுவர் எதைவிட வெளிச்சமானது என்பதை அறிய உதவும்.

கடலோர ஊரின் ஈரப்பதம் இன்னொரு பகை. காகிதம் ஈரத்தை உறிஞ்சி அலையலையாய் நெளியும். சட்டகக் கண்ணாடியில் நேராகத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். எனவே இடையில் மவுண்ட் எனப்படும், நடுவில் வெட்டிய அட்டையை வைத்து இடைவெளி விடுவது கட்டாயம். செலோடேப்பால் படத்தை அட்டையில் ஒட்டுவது, திறப்பு விழாவுக்கு முந்தைய இரவில் எல்லாரும் செய்யும் பிழை. அந்தப் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிட்டால் வெளியே எடுப்பது மிகக் கடினம். கோதுமை மாவுச்சத்துப் பசையும் ஜப்பானியக் காகிதத் துண்டும் கொண்டு மேல்விளிம்பில் மட்டும் ஒட்டினால், பின்னாளில் நீர் தொட்டுப் பிரித்தெடுக்கலாம்.

பெயர்ப்பட்டைகளில் ஆங்கிலம் மட்டும் இருப்பது போதாது. ஜூலுவும், இயன்ற இடத்தில் தமிழும் வேண்டும் என்று நான் எப்போதும் வற்புறுத்துவேன். ஆனால் தமிழை அச்சிடுவதில் ஒரு கண்ணி உண்டு. ஒருமுறை ‘வேல்’ என்ற தலைப்பு அச்சகத்திலிருந்து வந்தபோது, இரட்டைக் கொம்பு வகரத்துக்கு முன்னால் நில்லாமல் பின்னால் போய் ஒட்டியிருந்தது. லகரத்தின் புள்ளியோ அடுத்த இடைவெளியில் மிதந்தது. வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்துக்கோப்பு அமைப்பை இயக்காமல் விட்டதே காரணம். அச்சகத்தில் எவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. எங்களில் எவரும் சரிபார்ப்புப் படியைக் கேட்கவுமில்லை. காவடி எடுத்த தன் தாத்தாவை நினைத்து அந்தப் படத்தைச் செதுக்கிய பெண், உடைந்த அந்தச் சொல்லின் முன் வெகுநேரம் பேசாமல் நின்றார். அச்சுக்குப் போகுமுன் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் காகிதத்தில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தோம்.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதது எல்லாவற்றிலும் கேடானது. விற்பனையில் கலையகத்துக்கு எத்தனை விழுக்காடு, பணம் எந்த நாளுக்குள் கலைஞருக்கு வரும், கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு என்பவற்றை வாய்ப்பேச்சில் விடக்கூடாது. தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியத்தை விற்பதால் மட்டும் பதிப்புரிமை கைமாறாது. அதற்குக் கையெழுத்திட்ட எழுத்துச் சான்று வேண்டும். ஆனால் பணிக்கு அமர்த்தப்பட்டவர் அந்தப் பணியின் போக்கில் செய்த படைப்பின் உரிமை, பொதுவாக அமர்த்தியவருக்கே போகும். மாதந்தோறும் பெறும் உதவித்தொகை சம்பளமா, நல்கையா என்பதைத் தங்கும் காலத்தின் முதல் வாரத்திலேயே எழுதி வைக்காவிட்டால், பின்னர் ஒரு நாட்காட்டியில் தன் படத்தைக் கண்டு கலைஞர் திகைக்க நேரும்.

திறப்பு நாளையும் யோசித்துக் குறிக்க வேண்டும். செப்டம்பர் 24, மரபுரிமை நாள் விடுமுறை என்பதால் பலருக்கும் பிடித்த தேதி. அது நம் வீடுகளில் புரட்டாசி விரதக் காலத்தில் விழுவதால், இறைச்சிச் சமோசா மட்டும் வைத்தால் வந்த பாட்டிமார் வெறும் தேநீரோடு திரும்புவார்கள். வீடியோப் படைப்பு இருந்தால், மின்வெட்டுக்குப் பின் கருவி தானாக மீண்டும் ஓடுகிறதா என்று மின்னிணைப்பைப் பிடுங்கிப் பார்த்துவிட வேண்டும்.

படங்களைச் சுவரிலிருந்து கழற்றி இறக்கும் நாளை எவரும் திட்டமிடுவதில்லை. மாட்டும்போதே ஒவ்வொரு படைப்பின் முன்புறத்தையும் பின்புறத்தையும் படமெடுத்து, இருக்கும் கீறல்களைக் குறித்து, கலைஞரும் கலையகமும் கையெழுத்திட்ட தாள் இருந்தால்தான், இறக்கும்போது காணும் கீறல் புதியதா பழையதா என்று சொல்ல முடியும். அந்தத் தாளைச் சட்டகத்தின் முதுகில் ஓர் உறையில் செருகி வைப்பது என் வழக்கம். படம் எங்கே போனாலும் தாளும் கூடவே போகும்.