குளத்து நீச்சலோடு கித்துல்கலவுக்குப் போகிறவர்கள் விடும் பிழைகள்

கித்துல்கலவில், களனி கங்கையில் றாஃப்டிங் (பாய்ந்தோடும் ஆற்றில் காற்றடைத்த படகில் துடுப்பு வலித்துப் போவது) போக வன்னியிலிருந்து வருகிற பெடியளில் பலர் நல்ல நீச்சல்காரர். இரணைமடு, முத்தையன்கட்டுக் குளங்களில் பழகியவர்கள். அந்தப் பழக்கமே ஆற்றில் அவர்களை மாட்டிவிடுகிறது. குடித்துவிட்டு ஏறாதே, கைபேசியைக் கரையில் வை என்பதெல்லாம் தெரிந்த விசயம், அதை விடுவோம்.

விழுந்ததும் எழும்பி நிற்பது

பார்க்கப் பார்க்க எரிச்சல் வருவது இதில்தான். படகு பாறையில் மோதித் திரும்ப, ஓரத்தில் இருந்தவன் தண்ணீருக்குள். தலை மேலே வருகிறது. இடுப்பளவுதான் என்று கண்டதும் காலை ஊன்றி எழும்புகிறான். கூட வந்தவர்கள் கைதட்டுகிறார்கள். வழிகாட்டி மட்டும் காலைத் தூக்கச் சொல்லிக் கத்துகிறார்.

குளத்தில் அது சரி. அங்கே அடியில் சேறும் மணலும், தண்ணீர் நகராது. மலையாற்றின் அடியில் பாறைகள் ஒன்றோடொன்று முட்டிக் கிடக்கும். அந்த இடுக்கில் பாதம் இறங்கினால், பின்னால் வரும் நீர் முதுகைத் தள்ளும்; உடம்பு முன்னால் சாயும், கால் வராது. தலை தண்ணீருக்குள் போனபின் லைஃப் ஜக்கெட்டும் காப்பாற்றாது, நீச்சலும் காப்பாற்றாது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை 4 மடங்கு. குளம் நிரம்பி வான் பாயும்போது முழங்காலளவு தண்ணீரில் இறங்கிப் பார்த்தவர்களுக்கு அந்த இழுவை விளங்கும்.

விழுந்தால் மல்லாந்து படுங்கள். கால்கள் ஆறு போகும் திசையில், முழங்கால் கொஞ்சம் மடங்கி, பெருவிரல் நுனிகள் தண்ணீருக்கு மேலே உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பாறை வந்தால் பாதத்தால் உதைத்து விலகலாம். கைகளால் துழாவிக் கரைப்பக்கம் ஒதுங்குங்கள். பிட்டம் தரையில் தட்டும்வரை எழும்பவே கூடாது. விதிவிலக்கு ஒன்றுதான்: ஆற்றுக்குக் குறுக்கே மரம் விழுந்து கிடந்து, விலக வழியும் இல்லையென்றால் குப்புறத் திரும்பி, தலை முன்னாலே நீந்திப்போய் அதன்மேல் ஏறுங்கள். காலை முன்னால் விட்டால் நீர் உங்களைக் கிளைகளுக்குக் கீழே இழுத்துவிடும்.

தளர்ந்த லைஃப் ஜக்கெட்

மூச்சு முட்டுகிறதென்று பட்டிகளைத் தளர்த்துவார்கள். தோள்பட்டிகள் இரண்டையும் ஒருவர் மேலே இழுத்துப் பார்க்கட்டும். காதுவரை ஏறினால் தண்ணீரில் அது முகத்தை மூடும். கீழ்ப்பட்டியிலிருந்து மேல்நோக்கி இறுக்குங்கள். விழுந்தவரைப் படகுக்குள் தூக்குவதும் அந்தத் தோள்பட்டியில் பிடித்துத்தான்.

துடுப்பின் மேற்பிடியை விடுவது

விட்டால் அது வீசி அடித்துப் பக்கத்தில் இருப்பவரின் பல் போகும்.

மீட்க எறிந்த கயிற்றைக் கையில் சுற்றுவது

சுற்றவே வேண்டாம். நெஞ்சோடு பிடித்து, கயிறு தோளுக்கு மேலால் போகும்படி மல்லாந்து கிடவுங்கள்.

இறப்பர் செருப்பு

வேண்டாம். நாடா கட்டிய பழைய சப்பாத்து.

கட்டளை விளங்காமல் தலையாட்டுவது

வழிகாட்டிகள் பெரும்பாலும் சிங்களமும் ஆங்கிலமும்தான் பேசுவார்கள். ‘ஃபோர்வேட்’, ‘பாக்’, ‘ஸ்டொப்’, ‘கெட் டவுன்’ ஒவ்வொன்றையும் கரையிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். கடைசிச் சொல்லுக்குப் படகின் உள்ளே இறங்கி இருந்து ஓரக்கயிற்றைப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் முன்னுக்கும் மறுபக்கம் பின்னுக்கும் வலித்தால் படகு குறுக்காகத் திரும்பும். குறுக்காகப் போய்ப் பாறையில் சாய்கிற படகுதான் கவிழும்.