டிவி ஸ்டிக் பொருத்தும் முறை: முதலில் கரண்ட், பிறகுதான் படம்

தீபாவளிக்கு கொழும்பிலிருந்து மலையகத்து ஊருக்கு வரும் பிள்ளைகளின் பையில் இப்போது இன்டர்நெட் படங்களை டிவியில் காட்டும் சிறு கருவியான டிவி ஸ்டிக்கும் இருக்கிறது. வந்த பிள்ளை பொருத்திக் காட்டிவிட்டுப் போகும். இரண்டு நாளில் ஸ்டிக் தானாக நின்று நின்று ஒன் ஆகும், படம் பாதியில் கறுப்பாகும், ரிமோட் சொன்னபடி கேட்காது. 'சாமான் பழுது' என்று எடுத்து மூலையில் வைத்துவிடுவார்கள். பெரும்பாலான வீடுகளில் ஸ்டிக்கில் ஒரு குறையும் இருக்காது. அதற்குப் போகும் கரண்ட் போதாமல் இருக்கும்.

ஸ்டிக்கின் தலை, படமும் சத்தமும் போகும் டிவியின் எச்டிஎம்ஐ துளைக்குள் போவதால், டிவியே அதற்குக் கரண்ட் கொடுக்கும் என்று நினைப்பது இயல்பு. எச்டிஎம்ஐயில் 5 வோல்ட் பின் ஒன்று இருப்பதும் உண்மை; 18ஆவது பின் அது. ஆனால் அதில் கரண்ட் ஸ்டிக்கிலிருந்து டிவிக்குப் போகிறதே தவிர, டிவியிலிருந்து ஸ்டிக்குக்கு வருவதில்லை. 'நான் சொருகப்பட்டிருக்கிறேன்' என்று டிவிக்குத் தெரிவிப்பது போன்ற சிறு வேலைக்குத்தான் அது. எனவே ஸ்டிக்கின் உடம்பில் உள்ள சிறிய துளைக்கு யூஎஸ்பி வயர் ஒன்று கட்டாயம் போக வேண்டும்.

அந்த வயரின் மறுமுனையை எங்கே சொருகுவது என்பதில்தான் பிழை நடக்கிறது. டிவியின் முதுகிலேயே யூஎஸ்பி துளை இருக்கும்போது சுவருக்கு ஏன் போக வேண்டும் என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். ஃபயர் டிவி ஸ்டிக்கோடு வரும் அடப்டர் 5 வோல்ட், 1 ஆம்பியர். அதாவது 5 வாட். கூகுள் டிவியோடு வரும் குரோம்காஸ்ட்டுக்கு 7.5 வாட் அடப்டர். டிவியின் சாதாரண யூஎஸ்பி துளையில் கிடைப்பது 0.5 ஆம்பியர், வெறும் 2.5 வாட். பென் டிரைவில் பாட்டுக் கேட்பதற்காக வைத்த துளை அது. உள்ளே நீல நிறம் உள்ள யூஎஸ்பி 3 துளை என்றாலும் 0.9 ஆம்பியர்தான்.

மெனுவில் சும்மா நிற்கும்போது இந்தக் குறை தெரியாது. படத்தை அழுத்தியதும் வைஃபையும் படத்தை விரிக்கும் சிப்பும் ஒன்றாக இழுக்க ஆரம்பிக்கும். அந்த நிமிடத்தில் வோல்ட் விழும், லோகோ மறுபடி வரும். 'படம் போட்டால்தான் ஓஃப் ஆகிறது' என்று சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். டிவி யூஎஸ்பியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல டிவிகளில் டிவியை நிறுத்தியதும் அந்தத் துளையும் செத்துவிடும். ஒவ்வொரு முறையும் ஸ்டிக் தொடக்கத்திலிருந்து கிளம்ப வேண்டும். அப்டேட் நடுவில் அறுந்தால் ஸ்டிக் லோகோவிலேயே மாட்டிக்கொள்ளவும் கூடும்.

ஆகவே சுவர் பிளக், பெட்டியோடு வந்த அடப்டர், பெட்டியோடு வந்த வயர். இதுவே முதல் விதி. அடப்டர் தொலைந்துவிட்டால் நல்ல போன் சார்ஜர் போதும். அதன் முதுகில் அவுட்புட் என்ற வரியில் 5 வோல்ட்டும், 1 ஆம்பியர் (குரோம்காஸ்ட் என்றால் 1.5 ஆம்பியர்) அல்லது அதற்கு மேலும் இருக்க வேண்டும். 2 ஆம்பியர், 3 ஆம்பியர் என்று இருந்தால் ஸ்டிக் எரிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஸ்டிக் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். வோல்ட்தான் மாறக்கூடாது. பயப்பட வேண்டியது, கையில் எடுத்தால் காலித் தீப்பெட்டி மாதிரி கனமே இல்லாத மலிவுச் சார்ஜருக்கு. மேலே எழுதியிருக்கும் ஆம்பியரை அது கொடுக்காது.

அடப்டர் நல்லதாக இருந்தும் வயர் கெடுக்கலாம். பெட்டியில் வந்த வயர் எட்டவில்லை என்று டவுனில் மெல்லிய நீள வயர் வாங்குகிறோம். மலிவு வயர்களுக்குள் வழக்கமாக இருக்கும் 28 கேஜ் செம்புக்கம்பிக்கு (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லியது) மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் தடை. 2 மீட்டர் வயரில் கரண்ட் போக 2, திரும்பி வர 2, மொத்தம் 4 மீட்டர், 0.85 ஓம். 1 ஆம்பியர் ஓடினால் 0.85 வோல்ட் வயருக்குள்ளேயே தின்று போகும். 5 வோல்ட் புறப்பட்ட இடத்தில், ஸ்டிக்குக்குப் போய்ச் சேருவது 4.15 வோல்ட். அதே நீளத்தில் 24 கேஜ் கம்பி என்றால் இழப்பு 0.34 வோல்ட்தான். எனவே வயரை நீட்டாதீர்கள்; எக்ஸ்டென்ஷன் பெட்டியை டிவிக்குக் கிட்டக் கொண்டு வந்து, அதில் அடப்டரைச் சொருகி, வயரை 1 மீட்டருக்குள் முடியுங்கள். 230 வோல்ட் தூரம் போனால் இந்தச் சிறு கரண்டுக்கு ஒன்றும் குறையாது, 5 வோல்ட் தூரம் போனால் குறையும்.

பிளக் பற்றி ஒரு சொல். அமெரிக்கா, கனடா பக்கமிருந்து உறவினர் கொண்டு வந்த ஸ்டிக் என்றால் அடப்டரில் தட்டையான இரண்டு முட்கள் இருக்கும். அதில் இன்புட் 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால், முள்ளை மாற்றும் பிளக் ஒன்று போதும். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் நம் 230 வோல்ட்டில் சொருகிய நொடியே புகையும். இரண்டு முள் பிளக் உள்ளே போகவில்லை என்று 13 ஆம்பியர் பொயின்டின் மேல் துளையில் பேனா மூடியைச் செருகிக் கதவைத் திறக்கும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய. தயவுசெய்து வேண்டாம். அந்தக் கதவு பிள்ளைகளின் விரலுக்காக வைத்தது. அப்படிச் செருகிய முள்ளும் இறுகப் பிடிக்காது. தளர்ந்த இடத்தில் பொறி பறந்து பொயின்ட் கருகும். மாற்றும் பிளக்குக்கு ஆகும் காசு சொற்பம்.

பொருத்தும் ஒழுங்கு

டிவியை நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள். பெட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு எச்டிஎம்ஐ எக்ஸ்டென்டர் இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம். சுவரில் மாட்டிய டிவியில் ஸ்டிக்கை நேராகச் சொருகினால் அது சுவரில் முட்டி, டிவியின் துளையையே நெம்பும். எக்ஸ்டென்டர் ஸ்டிக்கைத் தொங்கவிடும், சூடும் இறங்கும். டிவியின் முதுகில் உள்ள உலோகத் தகட்டிலிருந்து சற்று விலகுவதால் வைஃபையும் ரிமோட்டும் நன்றாக எடுக்கும். அதன் பிறகு ஸ்டிக், அதற்கு யூஎஸ்பி வயர், கடைசியில் சுவர் பிளக். டிவியை ஒன் செய்து, ரிமோட்டில் சோர்ஸ் அல்லது இன்புட் பட்டனை அழுத்தி, சொருகிய துளையின் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். 'சிக்னல் இல்லை' என்று வந்தால் பத்தில் ஒன்பது முறை எண் மாறியிருக்கும்.

துளைகள் எல்லாம் ஒன்றல்ல. டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும், ஏஆர்சி என்று எழுதிய துளையை சவுண்ட்பார் வாங்கும் எண்ணம் இருந்தால் விட்டு வையுங்கள். 4கே டிவியில் 4கே அல்லது எச்டிசிபி 2.2 (படத்தைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் பூட்டு) என்று குறித்த துளையையே எடுங்கள்; இல்லையென்றால் கட்டணப் படங்கள் மங்கலாகவோ, பிழைச் செய்தியோடோ வரும். சரியான துளையிலும் 4கே வரவில்லை என்றால் டிவி செட்டிங்கைப் பாருங்கள்: சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் அல்ட்ரா எச்டி டீப் கலர், சோனியில் எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட். அந்தத் துளைக்கு அதை ஒன் செய்ய வேண்டும். ஒரே ரிமோட்டில் டிவியும் ஒன் ஆக வேண்டுமா? சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று ஒவ்வொருவரும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், வேலை ஒன்றுதான்.

ரிமோட் சேரவில்லை என்றால் ஃபயர் டிவியில் ஹோம் பட்டனைப் 10 நொடி அழுத்திப் பிடியுங்கள். கூகுள் டிவி குரோம்காஸ்ட்டில் பேக், ஹோம் இரண்டையும் சேர்த்து, ரிமோட்டின் லைட் துடிக்கும் வரை. நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் மார்கழிக் குளிரில் ரிமோட் மந்தமானால் முதலில் பெட்டரியைச் சந்தேகியுங்கள். பாதி தீர்ந்த பெட்டரி குளிரில் இன்னும் சோர்ந்துவிடும்.

பழைய பெட்டி டிவி

எச்டிஎம்ஐ இல்லாத டிவியிலும் ஓடும். இடையில் ஒரு கொன்வேர்ட்டர் பெட்டி வேண்டும்: ஒரு பக்கம் எச்டிஎம்ஐ, மறுபக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள். கடையில் பார்வைக்கு ஒரே மாதிரி இரண்டு விதம் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது மேலே எச்டிஎம்ஐ முதலிலும் ஏவி (அந்த மூன்று நிறத் துளைகள்) பிறகும் எழுதியது. ஏவி முதலில் இருந்தால் அது எதிர்த்திசையில் மாற்றும் பெட்டி. எத்தனை நாள் சொருகி வைத்தாலும் படம் வராது. பெட்டியின் பக்கத்தில் உள்ள சிறு சுவிட்சை, நம் நாட்டு டிவிகளின் முறையான பிஏஎல் பக்கம் தள்ளுங்கள். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் அது அமெரிக்க முறையான என்டிஎஸ்சி பக்கம் இருக்கிறது. கொன்வேர்ட்டருக்கும் தனியாக 5 வோல்ட் வேண்டும். ஸ்டிக்குக்கு ஒன்று, அதற்கு ஒன்று என்று இரண்டு அடப்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

வைஃபையும் டேட்டாவும்

பழைய லயங்களின் (தோட்டத்து வரிசை வீடுகளின்) கல் சுவர் வைஃபையை நன்றாகவே தடுக்கும். தகரக் கூரையும் அப்படித்தான். 4ஜி ரவுட்டரை டிவிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய அவசியமில்லை. டவர் இருக்கும் மலையைப் பார்த்த ஜன்னலோரமோ, இஸ்தோப்பு (முன் திண்ணை) பக்கமோ வையுங்கள். டவரிலிருந்து வரும் சிக்னல்தான் அரிது. அங்கிருந்து காம்பராவுக்குள் (அறைக்குள்) 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வந்துவிடும். ஒரே அறைக்குள் என்றால் மட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் எடுங்கள். வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டாது.

போனுக்குத் தெரியும் வைஃபை ஸ்டிக்குக்கு மட்டும் தெரியவில்லை என்றால், ரவுட்டர் 12 அல்லது 13ஆவது சேனலில் நிற்கிறதா பாருங்கள். அமெரிக்காவுக்கென்று செய்த ஸ்டிக்குகள் அவற்றைத் தேடுவதில்லை. ரவுட்டர் செட்டிங்கில் 1, 6, 11 இவற்றில் ஒன்றை வையுங்கள். போன் ஹொட்ஸ்பொட்டில் ஓட்டுபவர்கள் அதை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள்.

டேட்டாக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் மாதத்தின் முதல் வாரத்திலேயே பக்கேஜைத் தீர்ப்பவர்கள் உண்டு. நொடிக்கு 5 மெகாபிட் ஓடும் எச்டி படம் மணிக்கு 2.25 ஜிபி எடுக்கும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 5.6 ஜிபி. 480பி என்ற குறைந்த தெளிவில், நொடிக்கு 1.5 மெகாபிட் என்றால் அதே படம் 1.7 ஜிபிக்குள் முடியும். 32 அங்குல டிவியைச் சற்றுத் தள்ளி இருந்து பார்த்தால் இந்த வித்தியாசம் பெரிதாகக் கண்ணில் படாது. நெட்ஃபிளிக்ஸில் இதைக் கணக்கின் பிளேபேக் செட்டிங்கில் குறைத்து வைக்கலாம். புது ஸ்டிக் முதல் நாளே பெரிய அப்டேட் கேட்கும். இரவு டேட்டா தனியாக இருந்தால் அதற்கு விட்டுவிட்டு, முடியும்வரை பிளக்கைத் தொடாதீர்கள்.

இடியும் ஈரமும்

இந்தப் பகுதியை எவரும் தாண்டிப் போக வேண்டாம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் மலையைச் சுற்றி இடி இறங்கும். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது: சாதாரணச் சுவர் சுவிட்ச் ஒரு கம்பியைத்தான் அறுக்கும், மற்றது இணைந்தே இருக்கும். மின்னல் அதிர்ச்சி சுவிட்சின் சிறு இடைவெளியையும் தாண்டும். பிளக்கையே கழற்றுங்கள். டிவி, ஸ்டிக், ரவுட்டர் மூன்றும். அதோடு கூரையிலிருந்து வரும் டிஷ் வயரையும் கழற்ற வேண்டும். பலர் விடுவது இதைத்தான். டிஷ்ஷில் இறங்கும் அதிர்ச்சி டிஷ் பெட்டிக்குள் வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கும் ஸ்டிக்குக்கும் போகும். கரண்ட் பிளக்கைக் கழற்றியிருந்தும் எச்டிஎம்ஐ துளை எரிந்து போவது இப்படித்தான். முழக்கம் தூரத்தில் கேட்கும்போதே கழற்றுங்கள். மேலே இடிக்கும்போது வயரில் கை வைக்க வேண்டாம். கரண்ட் போய் வந்தாலும் உடனே சொருகாமல், லைட் நிலையாக எரிகிறதா என்று ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுச் சொருகுங்கள்.

மூடுபனிக் காலத்து ஈரத்தில் எச்டிஎம்ஐ முனை கறுத்தால் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும். மணல் தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், பூச்சு போய்விடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு சொருகுங்கள்.

இவ்வளவும் செய்தும் ஸ்டிக் நின்று நின்று ஒன் ஆனால், கடைக்குக் கொண்டு போகுமுன் ஒரு பரிசோதனை. அடப்டரைக் கழற்றிவிட்டு, முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்கில், அரை மீட்டர் தடித்த வயரால் ஸ்டிக்கை ஓட்டிப் பாருங்கள். 10,000 மில்லி ஆம்பியர்-மணி (mAh) பவர் பேங்க் ஒரு படத்தைத் தாராளமாகத் தாங்கும். அதில் ஒழுங்காக ஓடினால் அடப்டரையோ வயரையோ மாற்றுங்கள். அதிலும் லோகோவிலேயே நின்றால், அப்போது ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போங்கள். பவர் பேங்கில் ஓட்டிப் பார்த்ததையும் கடைக்காரரிடம் சொல்லுங்கள்.