கோச் சாரை எல்லோருக்கும் பிடிக்கும்: குழந்தைப் பாதுகாப்பில் சிறுவர் கால்பந்துக் கிளப்புகள் செய்யும் தவறுகள்

எட்டு வருஷம் முன்னால், 13 வயதுக்குட்பட்டோர் டோர்னமென்ட் ஒன்றுக்காக வெளியூர் போயிருந்தோம். பதிமூன்று பையன்கள், கோச், மேனேஜர் என்ற பெயரில் எடுபிடி வேலை பார்க்கும் நான். லாட்ஜில் நாலு ரூம். அந்த ஊரில் எனக்கு அக்கா வீடு இருந்ததால் ராத்திரி நான் அங்கே போய்விடுவதாக ஏற்பாடு. நோட்டில் ரூம் லிஸ்ட் எழுதினேன். மூன்று ரூமில் நாலு நாலு பேர். ஒரு பையன் மிச்சம். "நீ சார் ரூம்ல படுத்துக்கடா" என்றேன். தலையாட்டினான். இரண்டு நிமிட வேலை.

எதுவும் நடக்கவில்லை. அந்தக் கோச் நல்ல மனிதர், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் எதுவும் நடக்காததற்கு அவருடைய குணம்தான் காரணம், என்னுடைய ஏற்பாடு இல்லை. அவர் வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால், கதவைத் திறந்து பையனை உள்ளே அனுப்பியவன் நான்.

நாம் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. அவசரத்தில் செய்கிறோம், கூச்சத்தில் செய்கிறோம், எல்லாவற்றுக்கும் மேலாக நன்றியில் செய்கிறோம்.

"காசு வாங்காம சொல்லிக் கொடுக்கிறாரு"

சின்னக் கிளப்புகள் நம் ஊரில் எப்படி ஓடுகின்றன என்பது தெரிந்ததுதான். காலை ஐந்தரைக்கு ஒருவர் பந்து மூட்டையோடு கிரவுண்டுக்கு வருகிறார். பூட்ஸ் இல்லாத பையனுக்குத் தன் காசில் வாங்கித் தருகிறார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட், அப்புறம் ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை என்று வழி காட்டுகிறார். ஆட்டோ ஓட்டும் அப்பாவும் வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவும் அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் கும்பிட்ட ஆளிடம் கேள்வி கேட்க நாக்கு எழாது. பிள்ளை ஏதாவது சொன்னாலும், "சாரைப் பத்தியா இப்படிப் பேசற?" என்றுதான் முதலில் வாயில் வரும். குழந்தைகளைக் குறிவைத்து இந்தப் பக்கம் வருகிறவனுக்கு இது நன்றாகவே தெரியும். அவன் முதலில் பிள்ளையைப் பிடிப்பதில்லை, வீட்டைப் பிடிக்கிறான்.

சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்த இங்கிலாந்தின் பாரி பென்னல் அப்படித்தான் பிடித்தான். திறமையான சிறுவர்களைக் கண்டுபிடிப்பதில் பெயர்போன கோச். குரூ அலெக்ஸாண்ட்ரா கிளப்பில் இருந்தவன், மான்செஸ்டர் சிட்டியோடும் தொடர்புள்ளவன். பையன்கள் அவன் வீட்டிலேயே தங்குவார்கள். விளையாட்டு மெஷின்கள், விதவிதமான வளர்ப்பு விலங்குகள் என்று சிறுவர்களுக்கு அது சொர்க்கம். பெற்றோர் நம்பித்தான் அனுப்பினார்கள். 1994இல் ஒரு சிறுவர் அணியோடு ஃபுளோரிடா போன இடத்தில் பிடிபட்டு, அமெரிக்காவில் சிறைக்குப் போனான். ஊர் திரும்பிய பிறகு 1998இல் மறுபடி தண்டனை. அதற்கப்புறமும் முழுக்கதை வெளியே வரவில்லை. முன்னாள் வீரர் ஆண்டி வுட்வர்ட் 2016 நவம்பரில் தன் பெயரைச் சொல்லி, முகத்தைக் காட்டிப் பேசினார். பிறகுதான் நூற்றுக்கணக்கானவர்கள் வாய் திறந்தார்கள். 2018இல் பென்னலுக்கு 30 ஆண்டுக்கும் குறையாத சிறைத்தண்டனை கிடைத்தது. 2023இல் சிறையிலேயே செத்தான். இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்துக்காக வழக்கறிஞர் கிளைவ் ஷெல்டன் தயாரித்த அறிக்கை 2021 மார்ச்சில் வெளியானது. அந்நாட்டுக் கால்பந்தில் பாதிக்கப்பட்டவர்கள் மொத்தம் குறைந்தது 692 பேர், சந்தேகத்துக்குள்ளானவர்கள் 240 பேர் என்கிறது அது. சில கிளப்புகளில் அரசல்புரசலாகப் பேச்சு இருந்திருக்கிறது, யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

ஆகவே புதுக் கோச்சைச் சேர்க்கும்போது "தெரிஞ்சவர்தான்" என்பது தகுதி இல்லை. போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழ் வாங்குங்கள். ஆனால் இதுவரை வழக்கில் சிக்காதவனின் சான்றிதழ் சுத்தமாகத்தான் இருக்கும். முன்பு இருந்த கிளப்புக்கு போன் போட்டு, "மறுபடி வந்தா சேர்த்துக்குவீங்களா?" என்று கேட்பது அதைவிடப் பலன் தரும். எதிர்முனையில் பதிலுக்கு முன்னால் வரும் மௌனத்தைக் கவனியுங்கள்.

"லேட்டாயிடுச்சு, நானே விட்டுடறேன்"

பைக் பின் சீட், பூட்டிய ஸ்டோர் ரூம், லாட்ஜ் அறை, ராத்திரி பதினோரு மணி வாட்ஸ்அப் மெசேஜ். நாலும் ஒன்றுதான்: ஒரு பெரியவர், ஒரு பிள்ளை, பார்க்க ஆளில்லை. தசை பிடித்துக்கொண்டதா, கிரவுண்டு ஓரத்திலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி காலை நீவி விடுங்கள். பிராக்டிஸ் நேரம் மாறுகிறதா, பெற்றோர் இருக்கும் குரூப்பில் போடுங்கள். "குட் நைட் சாம்பியன்" என்று தனியாக அனுப்ப எந்தக் கோச்சுக்கும் அவசியமில்லை. வெளியூர்ப் பயணத்தில் பெரியவர்கள் தனி ரூம். பதினேழு வயதுக்காரனையும் பதினோரு வயதுக்காரனையும் ஒன்றாகப் போடுவதும் கூடாது. எல்லா ஆபத்தும் கோச் உருவத்தில் வருவதில்லை.

பெண்கள் அணி என்றால் மட்டும் உஷாராகி, பையன்கள் விஷயத்தில் "ஆம்பளைப் பசங்கதானே" என்று விடுவது இன்னொரு பெரிய ஓட்டை. பென்னலிடம் சிக்கியவர்கள் பையன்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. 18 வயது நிரம்பாத எல்லோரும் அதற்குக் குழந்தைகள். "அவனும் சம்மதிச்சுதான்" என்ற வாதம் அங்கே எடுபடாது.

பொய்ப் பிறந்த தேதி

இதை யாரும் குழந்தைப் பாதுகாப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. வயசைக் குறைத்து ஆட விடுவதை ஆட்ட மோசடி என்று மட்டும்தான் பார்க்கிறோம். நான் அப்படிப் பார்ப்பதில்லை. டீம் பஸ்ஸில் ஒரு பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "யார் கேட்டாலும் 2011, சொல்லு பார்ப்போம்" என்று ஒருவர் மனப்பாடம் செய்ய வைத்ததைக் கேட்டிருக்கிறேன். பையன் மூன்று தடவை தப்பாகச் சொன்னான், நாலாவது தடவை சரியாகச் சொன்னான். பஸ் கைதட்டியது.

அந்த நிமிஷத்திலிருந்து பையனுக்கும் பெரியவருக்கும் நடுவில் ஒரு ரகசியம். வெளியே சொன்னால் டீமை விட்டுத் தூக்குவார்கள், சான்றிதழ் கொடுத்த அப்பா மாட்டுவார். நாளைக்கு அதே பெரியவர் கை எல்லை மீறினால் அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? "நீ வாயைத் திறந்தா நானும் திறப்பேன்" என்ற ஒரு வரி போதும். மணிக்கட்டு எலும்பை ஸ்கேன் எடுத்து வயசை ஓரளவு கணித்துவிடலாம். அந்த ரகசியம் பிள்ளையின் மேல் ஏற்றும் பாரம் எந்த ஸ்கேனிலும் தெரியாது.

"முதல்ல நாமளே விசாரிப்போம்"

எல்லாவற்றிலும் மோசமான தவறு இதுதான். புகார் வந்ததும் கமிட்டி கூடும். கோச்சைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். பிள்ளையை நாலு பெரியவர்கள் முன்னால் நிறுத்தித் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். கடைசியில் "ரெண்டு பேர் எதிர்காலமும் பாழாயிடும்" என்று சமாதானம். கோச் அமைதியாக விலகி, அடுத்த மாதம் வேறு கிரவுண்டில் விசில் ஊதிக்கொண்டிருப்பார்.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. போக்சோவின் 19ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ, எவராக இருந்தாலும் போலீஸுக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளரே மறைத்தால் ஒரு வருஷம் வரை. நல்ல எண்ணத்தில் தகவல் கொடுத்தவர் மேல் வழக்குப் போட முடியாது. சாட்சி சேர்ப்பது, உண்மையா பொய்யா என்று முடிவு கட்டுவது நம் வேலையே இல்லை.

"பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுக்கணுமா?" என்று பெற்றோர் பயப்படுவார்கள். இழுக்க வேண்டியதில்லை. வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்கலாம் என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி வரவேண்டும், யூனிஃபார்மில் வரக்கூடாது. எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால் 1098க்கு அடிக்கலாம். இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள்.

பிள்ளை உங்களிடமே வந்து சொன்னால், பேச விடுங்கள். "அப்பவே ஏன் சொல்லல?" என்று கேட்காதீர்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற முடியாது. அவன் சொன்ன வார்த்தைகளை அப்படியே, நாகரிகப்படுத்தாமல், தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. மே மாத வெயிலில் "தோத்தவனுக்குத் தண்ணி கிடையாது" என்பது கண்டிப்பு இல்லை, கொடுமை. தலையில் அடிபட்டு மயங்கிய பையனை அன்றைக்கே திரும்ப இறக்கக் கூடாது. தூக்கி வைக்கும் கோல் போஸ்ட்டை ஆணியடித்தோ மணல் மூட்டை போட்டோ நிறுத்தாவிட்டால் சாய்ந்து உயிரையே எடுத்துவிடும். ஃபேஸ்புக்கில் பையனின் போட்டோ, பெயர், பள்ளி, பிராக்டிஸ் நேரம் எல்லாவற்றையும் ஒரே போஸ்ட்டில் போடுவது அவனுடைய விலாசத்தை ஊருக்கே கொடுப்பதுபோல.

போன ஜூனில் எங்கள் கிளப்பில் இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, பெற்றோர் கூட்டத்தில் படித்தேன். ஒரு அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாரையே சந்தேகப்படுறீங்களா?" என்று எழுந்தார். கோச் அவரை உட்காரச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "எல்லாம் சரிங்க. மழை பிடிச்சுக்கிச்சு, ஒரே ஒரு பையன் நிக்கிறான், அவங்க அம்மா போனை எடுக்கல. அப்ப என்ன பண்றது?" என்று கேட்டார். அதற்கு நான் எழுதிய பக்கத்தில் பதில் இல்லை. அரை மணி நேரம் பேசினோம். ஒவ்வொரு பையனுக்கும் இரண்டாவதாக ஒரு போன் நம்பர் வாங்குவது, கடைசிப் பையன் போகும்வரை இன்னொரு பெற்றோர் கிரவுண்டில் இருப்பது என்று முடிவானது. முதல் வார முறைக்குப் பெயர் கொடுத்தது, கோபப்பட்ட அந்த அப்பாதான்.