சைலன்சரை அறுப்பதற்கு முன் பின்னழுத்தத்தை அளந்து பார்க்கும் முறை

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போய்ச் சேரும் எஞ்சினுக்குச் சேலத்தில் கிடைத்த காற்றில் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. டர்போ இல்லாத வண்டியின் இழுவை அந்த அளவுக்குத் தளர்வது இயல்பு, அது பழுதன்று. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டாலும் இதே அறிகுறியைத்தான் காட்டும் என்பதால், சிலர் நல்ல சைலன்சரை அறுத்தெறிகிறார்கள். வேறு சிலர் பழுதுக்கு மலையைக் காரணம் சொல்லி நாளைக் கடத்துகிறார்கள். எனவே பின்னழுத்தத்தின், அதாவது வெளியேறும் புகைக்கு ஏற்படும் தடையால் குழாயில் கூடும் அழுத்தத்தின், முதல் அளவைச் சேலத்திலேயே எடுத்துக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கசிவு இருந்தால் அழுத்தம் குறைவாகத் தெரியும் என்பதால் அதைத்தான் முதலில் தேட வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும் நிலையில் ஸ்டார்ட் செய்து, தடித்த கையுறை அணிந்து, ஈரத்துணியை மடித்துப் புகைக்குழாயின் வாயில் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், மேனிஃபோல்டு கேஸ்கட்டிலோ குழாய் இணைப்புகளிலோ கசிவு உள்ள இடம் சீறும். கரித்தடம் படிந்த இணைப்புகளையும் சந்தேகிக்கலாம். புகையில் கார்பன் மோனாக்சைடு இருப்பதால் இவ்வேலைகள் எதையும் மூடிய ஷெட்டுக்குள் செய்யக் கூடாது.

பெட்ரோல் காரில் அளப்பதற்கு, கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அதே மரையில் பொருந்தும் அடாப்டரை மாட்டி, 0 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை காட்டும் கேஜை இணைக்க வேண்டும். டயர் காற்றுக்கான கேஜ் இதற்கு உதவாது. அதில் 2 பி.எஸ்.ஐ. முள்ளின் அசைவாகக்கூடத் தெரியாது. ரப்பர் ஹோஸ் உருகிவிடாதபடி அடாப்டரை ஒட்டிச் சிறிது நீளம் செம்புக்குழாய் இருப்பது நல்லது. எஞ்சின் நன்கு சூடேறிய பின், ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும் நிலையில்) 1.5 பி.எஸ்.ஐ.க்குள்ளும், நிமிடத்துக்கு 2,500 சுற்றில் 3 பி.எஸ்.ஐ.க்குள்ளும் முள் நின்றால் பாதை சரியாக உள்ளது என்று பொதுவாகக் கொள்ளலாம். அதைத் தாண்டினால், கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள இணைப்பைக் கழற்றிவிட்டு மீண்டும் அளக்க வேண்டும்: அழுத்தம் இறங்கினால் அடைப்பு சைலன்சர் பக்கம், இறங்காவிட்டால் கன்வெர்ட்டரிலோ அதற்கு முன்னுள்ள குழாயிலோ இருக்கிறது. சென்சார் இல்லாமல் ஓட்டியதால் எரியும் எச்சரிக்கை விளக்கை ஸ்கேனர் கொண்டு அணைத்துவிடலாம்.

சென்சாரைக் கழற்ற இயலாதபடி துருவேறியிருந்தால் இன்டேக் மேனிஃபோல்டில் வேக்குவம் கேஜை மாட்டிப் பார்க்கலாம். நல்ல எஞ்சின் ஐடிலில் சேலத்தில் 16 முதல் 20 அங்குலப் பாதரச அளவு காட்டும். அதே எஞ்சின் ஏற்காட்டில் சுமார் 4 அங்குலம் குறைத்துக் காட்டும். இது தெரியாமல் மேலே எடுத்த அளவைப் புத்தக அளவோடு ஒப்பிடுவதுதான் பலர் ஏமாறும் இடம். ஐடில் எண்ணைவிட, 2,500 சுற்றில் நிலையாகப் பிடித்திருக்கும்போது முள் நிலைத்து நிற்கிறதா, மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகிறதா என்பதையே கவனிக்க வேண்டும். இறங்கிக்கொண்டே போனால் வெளியேற வழியில்லாமல் புகை தேங்குகிறது என்று பொருள்.

ஜவ்வரிசி ஆலைகளிலும் தறிக்கூடங்களிலும் உள்ள டீசல் ஜெனரேட்டருக்குக் கேஜ்கூடத் தேவையில்லை. ஒளிபுகும் ஹோஸை ‘ப’ வடிவில் பலகையில் கட்டி, பாதியளவு சாயநீர் ஊற்றி, ஒரு முனையைப் புகைக்குழாயின் நேரான பகுதியில் உள்ள துளையோடு இணைத்தால், இரு பக்க நீர்மட்டங்களின் வேறுபாடு ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 1 கிலோபாஸ்கல் ஆகும். எஞ்சினின் கையேட்டில் தந்துள்ள உச்ச அளவோடு இதை ஒப்பிட வேண்டும். முழுச்சுமையில் எடுத்த அளவுக்கே மதிப்பு உண்டு. பெரிய ஜெனரேட்டரை வாங்கிவிட்டு நாலு விளக்குகளுக்கு மட்டும் ஓட்டும் இடங்களில், சரியாக எரியாத எண்ணெயும் கரியும் சைலன்சரில் படிந்து பாதையை அடைத்துவிடுகின்றன.

சைலன்சரை ஆறிய பின் ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்க்கலாம். உள்ளே கலகலத்தால் தடுப்புத்தகடு பெயர்ந்திருக்கிறது. அது ஓசையையும் கூட்டும், சில சமயம் குழாய் வாயில் போய் உட்கார்ந்து அடைக்கவும் செய்யும். அடிப்பக்கத்தில் உள்ள சிறு துளையை ஓட்டை என்று நினைத்துப் பற்றவைத்துவிட வேண்டாம். நீர் வடிவதற்காக ஆலையிலேயே இட்ட துளை அது. அழுத்தம் கன்வெர்ட்டரைத்தான் சுட்டினால், புதியதை மாட்டுவதற்கு முன் ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் சரிபார்க்க வேண்டும். ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டுவிட்டு ஓடினால் எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்து, புதிய கன்வெர்ட்டரின் தேனடை போன்ற உட்பகுதியையும் உருக்கிவிடும்.