ஆர்சி (ரிமோட்டில் ஓடும் பொம்மை) டிரக் ஸ்டியரிங் மக்கர் செய்கிறதா?
வைகை மணலில் ஓட்டி வந்த மறுநாள் என் டிரக்கின் முன்சக்கரம் பாதி திரும்பியதுமே நின்றது. சக்கரத்தைத் திருப்பும் குட்டி மோட்டாரான சர்வோ மட்டும் முனகியது. உடனே புதுசு வாங்க ஓடாதீர்கள். சர்வோவின் கையை (தண்டில் மாட்டியிருக்கும் சிறு நெம்புகோல்) கழற்றிவிட்டு ரிமோட்டைத் திருப்புங்கள். தனியாக நன்றாகத் திரும்பினால் தப்பு பெரும்பாலும் சர்வோவில் இல்லை. சக்கரத்தை விரலால் அசைத்துப் பாருங்கள்; மணல் நறநறத்தால் சுத்தம் செய்யப் பழைய டூத்பிரஷ் போதும். அப்போதும் திக்கினால் சர்வோவுக்குள் இருக்கும் பல்சக்கரம் போயிருக்கலாம்.

சர்வோவை மாற்றுவதென்றால் மெட்டல் கியர் (உலோகப் பல்சக்கரம்) உள்ளதுதான். கையை மாட்டும் தண்டில் எத்தனை பல் என்று பாருங்கள். பலவற்றில் 25 இருக்கும். நான் பார்க்காமல் வாங்கி, பழைய கை பொருந்தாமல் மதுரை டவுன்ஹால் ரோடு முழுக்க அலைந்தேன். அப்புறம், பெரிய சர்வோ கரண்ட் அதிகம் இழுக்கும். திருப்பும்போதெல்லாம் ரிசீவர் (ரிமோட்டின் சிக்னலை வாங்கும் பகுதி) அணைந்து மறுபடி ஆன் ஆனால் தனி பிஇசி (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் சீரான மின்சாரம் தரும் சிறு சர்க்யூட்) போடுங்கள். ரிமோட்டை ஆன் செய்து, டிரிம்மை (ஸ்டியரிங்கின் நடுநிலையைச் சரிசெய்யும் ரிமோட் குமிழ்) நடுவில் வைத்த பிறகே கையை மாட்டவும்.